அலுவலக மெயிலுக்குத் தனி பேக் எதற்கு?

அலுவலக மின்னஞ்சலைச் சொந்த ஃபோனில் பார்ப்பதற்கு சிம் நிறுவனத்துக்கு ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்புக்கும் யூடியூப்புக்கும் போட்டிருக்கும் அதே ரீசார்ஜ் போதும். ஆனாலும் "ஆபீஸ் மெயில் வேணும்னா தனி பேக் போடணுமா?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. உண்மையிலேயே தனிக் கட்டணம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது.

அது பிளாக்பெரி காலம். கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் தயாரித்த அந்த ஃபோன்களுக்கு மெயில் நேராக வராது. அலுவலக சர்வரிலிருந்து கிளம்பி, அந்த நிறுவனத்தின் சொந்த மையம் வழியாகத்தான் கைக்கு வரும். அதற்காகத் தொலைபேசி நிறுவனங்கள் ரிசர்ச் இன் மோஷனுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தன. அந்தச் செலவை வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றின. அந்தக் கட்டணத்துக்கு ஒரு காரணமாவது இருந்தது. 2008 ஜூலையில் ஐஃபோன் 3ஜி வந்தபோது அந்தக் காரணமும் போயிற்று. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயிலை இடையில் யாருமில்லாமல் நேரடியாக வாங்கும் வசதி அதன் மென்பொருளிலேயே இருந்தது. இருந்தும் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் டேட்டாவுக்குத் தனிநபரிடம் மாதம் 30 டாலரும், அலுவலகப் பயன்பாடு என்றால் 45 டாலரும் வாங்கியது. அந்த 15 டாலர் வெறும் பெயருக்காக வாங்கிய பணம் என்றே சொல்வேன். பிளாக்பெரியின் பழைய ஃபோன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டது.

இன்றைய ஃபோனில் மெயில் என்பது சாதாரண இணைய டேட்டா. அதிலும் மிகச் சிறிய டேட்டா. இணைப்புக் கோப்பு இல்லாத ஒரு மெயிலுக்கு 75 கேபி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 1 ஜிபியில் பதின்மூன்றாயிரம் மெயில்கள் அடங்கும். ஒரு நாளைக்கு 100 மெயில் வந்தால் 7.5 எம்பி. தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் இது கணக்கிலேயே வராது. டேட்டாவை விழுங்குவது இணைப்புக் கோப்புகள்தான். அவற்றை வைஃபையில் மட்டும் இறக்கும்படி உங்கள் மெயில் ஆப்பில் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இனி மெயிலை ஏற்றும் வேலை. உங்கள் அலுவலகம் எந்த மெயிலைப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். கூகுள் என்றால் ஜிமெயில் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, இன்னொரு கணக்கைச் சேர்க்கச் சொல்லி, அலுவலக முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் என்றால் அவுட்லுக் ஆப்பை இறக்குங்கள். முகவரியை அடித்ததும் அதுவே சர்வரைக் கண்டுபிடித்து, உங்கள் அலுவலகத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும். இரண்டு ஆப்புகளும் இலவசம்.

சிக்கல் வருவது சிறிய நிறுவனங்களில்தான். சொந்த டொமைன் வாங்கி, ஏதோ ஒரு ஹோஸ்டிங்கில் மெயில் வைத்திருப்பார்கள். அங்கே விவரங்களை நாமேதான் நிரப்ப வேண்டும். உள்வரும் சர்வரின் பெயர், வெளிச்செல்லும் சர்வரின் பெயர், இரண்டுக்கும் உரிய போர்ட் எண்கள், உங்கள் பயனர் பெயர் ஆகியவற்றை ஐடி பிரிவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயனர் பெயர் பெரும்பாலும் முழு மெயில் முகவரியாகவே இருக்கும்.

ஐமேப்பா, பாப்பா என்று ஃபோன் கேட்கும்போது ஐமேப் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும். ஃபோனில் படித்தது அலுவலகக் கணினியிலும் படித்ததாகக் காட்டும். பாப் முறையோ மெயிலை ஃபோனுக்கு இறக்கிவிட்டு, சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடியது. காலையில் பேருந்தில் ஃபோனில் பார்த்த ஆர்டர், அலுவலகம் போய்க் கணினியைத் திறந்தால் இருக்காது. பாதுகாப்பான ஐமேப்புக்கு வழக்கமான போர்ட் 993. அனுப்புவதற்கு 587 அல்லது 465. மெயில் வருகிறது, ஆனால் அனுப்பினால் போகவில்லை என்றால் முதலில் இந்த அனுப்பும் போர்ட்டைப் பாருங்கள். பழைய 25 என்ற எண் அங்கே இருக்கலாம். ஸ்பேமைத் தடுப்பதற்காகப் பல இணைய நிறுவனங்கள் 25ஐ அடைத்து வைத்திருக்கின்றன. எண்ணை மாற்றினால் போதும். சிம் நிறுவனத்துக்கு ஃபோன் போட்டுப் புகார் சொல்லத் தேவையில்லை.

காசைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. மெயிலை ஏற்றும்போது நடுவில் ஓர் அனுமதித் திரை வரும். அவசரத்தில் பெரும்பாலோர் படிக்காமலே சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கை ஆண்ட்ராய்டில் சேர்த்தால், ஃபோனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் உரிமையை அலுவலகத்துக்குத் தரச் சொல்லி அந்தத் திரை கேட்கக்கூடும். ஃபோன் தொலைந்தால் அலுவலகத் தகவல் வெளியே போகக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டளை போனால் குழந்தையின் படங்களும் குடும்ப வீடியோக்களும் சேர்ந்தே அழியும். எல்லா அலுவலகமும் இப்படிக் கேட்பதில்லை. மெயிலை மட்டும் அழிக்கும் வசதியும் இருக்கிறது. அவுட்லுக் ஆப் வழியாகச் சேர்த்த கணக்கில் அந்த ஆப்பிலுள்ள தகவல் மட்டும் போகும்படி செய்ய முடியும். எந்த முறை என்பதை ஐடி பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

ஆண்ட்ராய்டில் பணிச் சுயவிவரம் என்று ஒன்று உண்டு. அலுவலக ஆப்புகள் பெட்டிப் படம் போட்ட சின்னத்தோடு தனியாக நிற்கும். உங்கள் சொந்தப் படங்களையும் மெசேஜ்களையும் அலுவலகம் அதன் வழியே பார்க்க முடியாது; அழித்தாலும் அந்தப் பகுதி மட்டுமே போகும். மாலையில் அதை நிறுத்தி வைத்துவிடலாம், காலையில் திறந்துகொள்ளலாம். அலுவலகம் இதைத் தருமானால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த உரிமையும் தர மனமில்லாதவர்கள், அலுவலகம் அனுமதித்தால், ஃபோனின் பிரவுசரிலேயே மெயில் பார்க்கலாம். அறிவிப்பு உடனுக்குடன் வராது என்பது மட்டும்தான் குறை.

கூடுதல் செலவு இன்றும் நுழையக்கூடிய வாசல் ரோமிங். வெளிநாடு போய் இறங்கியதும், பின்னணியில் ஓயாமல் மெயில் தேடும் ஆப் உங்களைக் கேட்காமலே டேட்டாவை இழுக்கும். கிளம்பும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, விடுதி வைஃபையில் மெயில் பாருங்கள். விமானத்திலும் கப்பலிலும் தனி நெட்வொர்க் இருக்கும், அதன் கட்டணம் கடுமையானது. ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். சர்வதேச ரோமிங் போட்டு வைத்திருப்பவர்கள் தனுஷ்கோடிக்குப் போகும்போதும் கவனிக்க வேண்டும். அந்தக் கரையில் இலங்கை சிக்னலைச் சில ஃபோன்கள் பிடித்துக்கொள்வதுண்டு. பயணத்துக்கு இன்னொரு யோசனை: உள்நுழையக் கேட்கும் ஆறு இலக்க எண்ணை எஸ்எம்எஸ்ஸில் வாங்காமல் ஆதென்டிகேட்டர் ஆப்பில் வைத்துக்கொண்டால், சிம் வேலை செய்யாத ஊரிலும் கணக்கு திறக்கும்.

பில்லில் மெயில் சேவை என்று ஏதாவது ஒரு தொகை தெரிந்தால் அது தேவையற்ற கூடுதல் சேவைதான். இந்தியாவில் அத்தகைய சேவைகளை நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது.

ஃபோனை அழிக்கும் உரிமையை அலுவலகத்துக்குத் தந்திருந்தால், வேலையை விட்டு விலகும் நாளுக்கு முன்பே, படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். பிறகு அலுவலகக் கணக்கை நீங்களே ஃபோனிலிருந்து நீக்கி, அவர்களுடைய கருவிப் பட்டியலிலிருந்தும் உங்கள் ஃபோனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.