சிவப்பு நீலமாகும் நேரம்

வனாமி இறால் வளர வளரத் தன் ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்ளும். அந்த ஓடு இறுகக் கால்சியம் வேண்டும். உடலுக்குள் நொதிகள் இயங்க மக்னீசியம் வேண்டும். இரண்டிலும் பெரும்பங்கைச் சுற்றியுள்ள நீரே தருகிறது. குளத்து நீரைக் குப்பியில் பிடித்து, சொட்டு சொட்டாகத் திரவம் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பண்ணைக்காரர்கள் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்த முறையை 1940களில் சூரிச்சில் வகுத்தவர் கெரால்டு ஷ்வார்ட்சன்பாக். ஈடிடிஏ என்ற சேர்மம் ஒரு மூலக்கூறுக்கு ஒரு அயனி என்ற கணக்கில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கவ்விக்கொள்ளும். நீரின் பிஎச்சை 10ல் நிறுத்தி, எரியோக்ரோம் பிளாக் டி சாயத்தைக் கலந்தால் நீர் சிவக்கும். ஈடிடிஏ சொட்டச் சொட்ட, சாயம் பிடித்துவைத்திருந்த கடைசி மக்னீசியமும் பறிபோகிறது. உடனே நீலம். எத்தனை மில்லிலிட்டர் செலவானது என்பதே விடை.

ஆனால் இந்த விடையில் இரண்டு உலோகங்களும் சேர்ந்தே இருக்கின்றன. கால்சியத்தை மட்டும் அறிய, இன்னொரு குப்பி நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச்சை 12க்கு மேல் ஏற்றுவார்கள். மக்னீசியம் வெள்ளைப் படிவாக ஒதுங்கிவிடும். இங்கே சாயம் மியூரெக்சைடு; இளஞ்சிவப்பு ஊதாவாகும். முதல் அளவிலிருந்து இதைக் கழித்தால் மக்னீசியம் கிடைக்கும்.

5 மி.லி. கடல்நீரைச் சோதித்தால் 0.01 மோலார் ஈடிடிஏ சுமார் 32 மி.லி. செலவாகும். அதில் கால்சியத்துக்கு 5 மி.லி.தான், மீதி 27 மக்னீசியத்தின் பங்கு. லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம், 1,300 மில்லிகிராம் மக்னீசியம் என்று கணக்கு வரும். குடிநீருக்கான சோதனைக் கிட்டில் கடல்நீரை அப்படியே விட்டால் சொட்டுகளை எண்ணி மாளாது. காய்ச்சிவடித்த நீரில் பத்து மடங்கு நீர்த்தபின் சோதித்து, விடையைப் பத்தால் பெருக்க வேண்டும். நீர்த்தால் இன்னொரு லாபமும் உண்டு: மக்னீசியப் படிவு கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போவது குறையும்.

உண்மையான சிக்கல் கடலோரத்தில் இல்லை, உள்நாட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரில்தான். அங்கே உப்பு குறைவு. கால்சியம் மக்னீசியத்தை மிஞ்சி நிற்பதும் உண்டு. கடலில் மக்னீசியம் கால்சியத்தைப் போல மூன்று மடங்கு. அதே விகிதத்தில் பார்த்தால், 5 பிபிடி (ஆயிரத்தில் 5 பங்கு) உப்புள்ள குளத்தில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 58, மக்னீசியம் சுமார் 186 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

ஆகவே கிட் வாங்குவோர் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். உப்பின் அளவு தெரியாமல், மக்னீசியம் போதுமா என்று கிட்டால் சொல்ல முடியாது.