மெயில் ஐடி யார் கையில் இருக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் இந்தப் பேச்சு கேட்கும். “மெயில் ஐடி இருக்காப்பா?” “இல்லைண்ணா.” “சரி, ஒண்ணு போட்டுருவோம்.” பொறியியல் கலந்தாய்வுக்கு ஐடி வேண்டும், பின்னால் வரிசை நிற்கிறது. பையன் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து ஒரு ஜிமெயில் முகவரி, பெயரோடு @123 சேர்த்து ஒரு பாஸ்வேர்டு. நம்பர் கேட்கும் இடத்தில் அப்பாவின் நம்பர். அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், ஓடிபி சொல்ல ஆளில்லை என்றால் கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவார். அவரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஐடி கலந்தாய்வோடு ஓய்வதில்லை. பான் கார்டுக்கு அதையே கொடுப்போம், வங்கிக்கு அதையே, பிறகு பிஎஃப், இன்ஸ்டாகிராம், முதல் வேலை. இவற்றில் பலவற்றுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனால், மாற்றுவதற்கான இணைப்போ ஓடிபியோ மெயிலுக்கு வரும். ஆக, மெயிலைத் திறக்க முடிந்தவருக்கு அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டே தேவையில்லை. சரி, மெயிலின் பாஸ்வேர்டே மறந்துபோனால்? அதை மீட்கும் குறியீடு, கடையில் அன்று போட்ட நம்பருக்குப் போகும்.

அந்த நம்பர் இன்னும் அதே ஆளிடம்தான் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்த பிறகு நிறுவனங்கள் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். புதிதாக சிம் வாங்கியவருக்கு யார் யாருடைய ஓடிபியோ வருவது இப்படித்தான். நம்மில் பலர் பாஸ்வேர்டைப் பற்றிப் படும் கவலையில் பாதியைக்கூட இந்த நம்பரைப் பற்றிப் படுவதில்லை.

பாஸ்வேர்டு விதிகளால் படும் எரிச்சலும் நியாயமானதுதான். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்ற பழக்கம் பரவியதில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2004இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தான் சொன்னதில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகவே சொன்னார். நம் பிரவுசிங் சென்டர் பாஸ்வேர்டைப் பாருங்கள்: பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினால், குறி, எண் எல்லாம் சேர்ந்து விதிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். யூகிக்க ஒரு நிமிடம் ஆகாது. அதே 2017இல் என்ஐஎஸ்டி தன் வழிகாட்டியைத் திருத்தியது. திருடு போன அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்க விடு, ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பார் என்றது. நம் ஊர் இணையதளங்கள் பலவற்றுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கசிவுப் பட்டியல்கள் சாதாரணமானவை அல்ல. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே போயின. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. ஓரிடத்தில் கசிந்ததை மற்ற இடங்களில் போட்டுப் பார்க்கும் வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. ஆகவே வேறெங்கும் இல்லாத பாஸ்வேர்டு மெயிலுக்காவது வேண்டும்.

இனி ஜிமெயிலில் செய்ய வேண்டியது. முதலில் கைவைக்க வேண்டியது மீட்பு நம்பரிலும் மீட்பு மெயிலிலும்தான், பாஸ்வேர்டு அப்புறம். மீட்பு வழியை விட்டுவிட்டுப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், பழைய நம்பர் வழியாகத் திரும்ப நுழைய இடம் இருக்கும். ஜிமெயில் ஆப்பில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனால் இரண்டும் இருக்கும். மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய நம்பருக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கும் என்பதால் அந்த வாரம் எச்சரிக்கை மெயில்களைக் கவனியுங்கள். அதே பிரிவில் உள்ளே நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் உண்டு. பழக்கமில்லாத கணினி தெரிந்தால் வெளியேற்றிவிடலாம்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வரும் மெயிலை எல்லாம் இன்னொரு முகவரிக்குத் தானாகத் தள்ளிவிடும் அமைப்பு. ஒருமுறை நுழைந்தவர் இதைப் போட்டுவிட்டால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். செல்போன் ஆப்பில் இது தெரியாது. கணினியில் திறந்து அமைப்புகளில் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்பாடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடும்போது கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். செல்போன் தொலைந்தால் இவைதான் கை கொடுக்கும். அச்செடுக்க வெளியே போகாதீர்கள், கையால் எழுதி மார்க்ஷீட் ஃபைலில் வைத்துக்கொண்டால் போதும்.

கணக்கு ஏற்கெனவே பூட்டிக்கொண்டதென்றால் கூகுளின் மீட்புப் பக்கம் ஒன்றுதான் வழி. வழக்கமாகப் பயன்படுத்திய அதே செல்போனில், அதே வீட்டு இணைப்பில் முயன்றால் வாய்ப்பு அதிகம். இலவச ஜிமெயிலை மீட்டுத்தர கஸ்டமர் கேர் நம்பர் எதுவும் கிடையாது. தேடலில் கிடைக்கும் நம்பரை அழைத்தால் எதிர்முனையில் எடுப்பவர் ஓடிபிதான் கேட்பார். மீளவே இல்லை என்றால் வங்கிக் கிளைக்கு நேரில் போய் மெயில் ஐடியை மாற்றிவிட்டு, பான், பிஎஃப் என்று போகலாம். அதற்குள் பணம் போயிருந்தால் முதலில் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், மெயிலை அப்புறம் பார்க்கலாம்.