எட்ட நின்று எழுதும் மாத்திரை

நடவு முடிந்த ஒரு மாலையில் காலனிப் பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு வெள்ளைப்படுதல் பக்கம் திரும்பியது. "எல்லாம் உடம்புச் சூடுதான்" என்றார் ஒரு பாட்டி. "ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்ட நிக்க வச்சே மாத்திரை எழுதிட்டாங்க, தொட்டுக்கூடப் பாக்கல" என்றார் ஒரு அக்கா. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லாத ஒரு தங்கை எதுவும் பேசவில்லை. ஊர் அவரை என்ன சொல்லி ஏசுகிறது என்பது நமக்குத் தெரியும்.

பெண்களுக்கு வரும் பால்வினைத் தொற்றுகளில் கிளமிடியா பரவலான ஒன்று. பாக்டீரியாவால் வருவது. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்கு வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு இருக்கும். கவனிக்காமல் விட்டால் கிருமி கருக்குழாய்வரை ஏறி அதை அடைத்துவிடலாம். பிள்ளையில்லாமல் போவதற்கும், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

அரசு மருத்துவமனைகளில் அறிகுறியைப் பார்த்து மருந்துப் பொட்டலம் தருவது நடைமுறை. கர்ப்பப்பை வாயிலிருந்து வெள்ளைப்பட்டால் சாம்பல் நிறப் பொட்டலம். பிறப்புறுப்பு அழற்சி மட்டும் என்றால் பச்சை. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். எது என்று முடிவுசெய்ய, கருவி வைத்து உள்ளே பார்க்க வேண்டும். பார்க்காமல் பச்சையைக் கொடுத்தனுப்பினால் அது கிளமிடியாவைக் கொல்லாது. தொடத் தயங்கும் கை நோயைக் கண்டுபிடிக்காது.

அறிகுறியே இல்லாத பெண்ணுக்கோ இந்த முறையால் பயனில்லை. கிருமியை உறுதியாகக் காட்டுவது 'நாட்' சோதனை. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே வகை. மறைவான அறையில் பெண்ணே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் எடுப்பதற்கு நிகராகவே முடிவு வரும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது வழக்கமாகக் கிடைப்பதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களும் இதைப் பார்த்தாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

கண்டுபிடித்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலேயே குணமாகும். கணவரும் மருந்து சாப்பிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி தொற்றும். ஆணும் அறிகுறி இல்லாமலே கிருமியைச் சுமக்கலாம் என்பதால், நோயை வைத்துப் பெண்ணின் நடத்தையை எடைபோடுவது அநியாயம்.

நாம் கேட்பது இவ்வளவுதான்: மறைவான அறை, தொட்டுப் பார்க்கும் மருத்துவர், வட்டார மருத்துவமனைவரை 'நாட்' சோதனை. மருத்துவமனைக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உள்ளே போன பிறகும் எட்ட நிற்க வைத்தால் கேள்வி கேட்போம். பால்வினை நோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை. படிக்கிற பிள்ளைகள் இதை வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.