நீருக்கேற்ற உடை

சித்திரை மாதத்து நண்பகலில் பாகூர் ஏரிக்கரையில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். வயலிலிருந்து திரும்பும் உழவர், தோளில் கிடக்கும் துண்டை நீரில் நனைத்துப் பிழிந்து தலையில் இட்டுக்கொண்டு நடப்பார். சிறிது நேரத்தில் அவர் முகம் தெளியும். ஈரப் பருத்தியிலுள்ள நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் உடல் குளிர்கிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறே. வெப்ப நாட்டினராகிய நமக்குப் பருத்தி செய்யும் இவ்வுதவியே, வேறு சில இடங்களில் உயிருக்கு ஊறாக முடிகிறது.

அத்தகைய இடங்களுள் ஒன்று ரிஷிகேசம். அங்கே வேனிற்காலத்தில் வெயில் நம்மூரைப் போலவே காய்கிறது. ஆனால் கங்கையில் காலை வைத்தால் எலும்பும் நடுங்கும். அது இமயத்துப் பனி உருகி வரும் நீரன்றோ! அந்நீரில் இளைஞர் பலர் கயாக் என்னும் படகைச் செலுத்துகின்றனர். ஒருவர் காலை நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் தள்ளிச் செல்லும் குறுகிய படகு அது. நம்மவர் பலர் குடியேறியுள்ள கனடா நாட்டிலும் இந்நிலை உண்டு. மே மாதத்தில் சில நாள்களில் காற்று 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் காட்டும். ஒண்டாரியோ ஏரியின் நீரோ 10 டிகிரியைக்கூட எட்டியிராது. காற்று விரைவில் சூடேறும்; பெரிய நீர்நிலை சூடேறப் பல வாரங்கள் ஆகும்.

ஆகவே, படகில் ஏறுவோர் காற்றை நோக்கி உடுத்தலாகாது. நீரை நோக்கியே உடுத்தல் வேண்டும். கயாக் எளிதில் கவிழும். வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் காற்றைவிட நீருக்கு ஏறத்தாழ 25 மடங்கு மிகுதி. குளிர்நீரில் திடீரென விழுந்தவன் தன்னையறியாமல் பெருமூச்சு வாங்குவான். அப்பொழுது வாய் நீருக்குள் இருந்தால், நீந்தத் தெரிந்தவனும் நீரைக் குடித்து மூழ்குவான். இதில் தப்பினாலும், பத்து நிமிட அளவில் கைவிரல்கள் மரத்துப்போகும். கவிழ்ந்த படகைப் பற்றவும் வலுவிராது. உடலின் உள்வெப்பம் குறைந்து உணர்வு மயங்குவது அதற்குப் பின்னரே நிகழ்வது.

இந்நிலையில் பருத்திச் சட்டை என்ன செய்யும்? நீரைக் குடித்துக் கனக்கும்; கரையேறிய பின்னும் காற்றுப்பட்டு உடலைக் குளிரச் செய்துகொண்டே இருக்கும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு வெம்மையைக் காக்கும். கம்பளி குளிர்நாட்டார்க்கே உரியதென்று எண்ண வேண்டா. நம் ஆட்டிடையர் மழையில் அதைப் போர்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதில்லையா?

கயாக்கை முதலில் ஆக்கியவர்கள் வடதுருவத்தை அடுத்து வாழும் இனுவிட் மக்கள். அவர்கள் கடல்நாய்த் தோலால் மேலுடை தைத்து, அதன் விளிம்பைப் படகின் வாயோடு இறுகக் கட்டி, நீர் புகாமல் காத்தனர். இக்காலத்து நனையுடை வேறு வகையினது. 1952-ஆம் ஆண்டளவில் ஹியூ பிராட்னர் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர் அதனை உருவாக்கினார். நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பரால் ஆன அவ்வுடை உடலை ஒட்டி இருக்கும். அந்த இரப்பருள் அடைபட்ட நுண்ணிய குமிழிகள் வெப்பத்தை வெளியேற விடா. உள்ளே புகும் சிறிதளவு நீரும் உடற்சூட்டால் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கும். உடை தளர்வாக இருந்தால் குளிர்நீர் மேலும் மேலும் புகுந்து பயனைக் கெடுக்கும். மிகக் குளிர்ந்த நீருக்கு உலருடை ஏற்றது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை உடைய அதனுள் நீர் புகாது. ஆயினும் அது மெல்லியதாகையால், உள்ளே கம்பளி உடுத்தல் வேண்டும்.

வெயிலில் இவற்றை அணிந்தால் வியர்த்துக் கொட்டுமே எனலாம். உண்மைதான், அதனாலேயே பலர் நடு நீரில் உடையைக் கழற்றித் துன்புறுகின்றனர். தலையையும் கையையும் அவ்வப்போது நீரால் நனைத்துக்கொள்வதே தக்க வழி. பாகூர் உழவரின் துண்டு இங்கே மீண்டும் உதவுகிறது!

மிதவைச் சட்டையைப் பற்றியும் கூற வேண்டும். அது மூழ்காமல் காக்குமேயன்றிக் குளிரைத் தடுக்காது. 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அதனை அணிந்திருந்த பலர் குளிராலேயே மாண்டனர். ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் அத்தகைய குளிர் இல்லை. இங்கே காலைச் சுற்றும் வேட்டியும் சேலையும், கட்டாமல் விட்ட மிதவைச் சட்டையுமே இடர் தருவன. படகேறுமுன் வார்களை இறுக்கியபின், ஒருவர் பின்னின்று சட்டையின் தோள்பகுதியை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது காதளவு ஏறினால், வாரை இன்னும் இறுக்க வேண்டும்.