எச்சரிக்கை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையான நமது கரையோரம் காற்றையும் மழையையும் நம்பிப் பிழைப்பது. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை வெளிக்கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் பலருக்குக் களப்புத்தான் சோறு போடும். உப்பளத்துக்கோ வெயில் வேண்டும். விளைந்த உப்பை வாருமுன் மழை கொட்டினால் பல வார உழைப்புக் கரைந்துபோகும். மழையால் உற்பத்தி வீழ்ந்து, 2025இல் நாடே உப்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. மேகத்தையும் காற்றையும் பார்த்து மூத்தோர் போட்ட கணக்கு இப்போது அடிக்கடி பிசகுகிறது.

இங்கேதான் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் தேவைப்படுகிறது. அதற்கு இலங்கையில் குறைவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. கையடக்கத் தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் வலையமைப்பு 2009இலேயே தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும் 2013 ஜூன் 8இல் தென்மேற்குக் கடலில் வீசிய புயலில் ஏறத்தாழ 50 மீனவர்கள் மாண்டனர். உரிய நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை என்ற குரல் நாடெங்கும் எழுந்தது.

கருவி இருந்தும் செய்தி ஏன் சேர்வதில்லை? "சிலாபத்திலிருந்து புத்தளம் ஊடாக மன்னார் வரையான கடற்பரப்பில்" என்று அறிக்கை வரும். களப்பில் வலை போடுபவர் கேட்பது வேறு: "இண்டைக்குப் போக ஏலுமா, ஏலாதா?" அறிக்கைக்கும் இந்தக் கேள்விக்கும் இடையில் ஒரு மனிதர் தேவை. அறிக்கை தமிழில் பிந்தி வரும் நாட்களில் அந்தத் தேவை இன்னும் கூடுகிறது.

புதுச்சேரிக் கரையில் இதற்கொரு வழி கண்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன செய்தி நல்லவாடு கிராமத்து ஒலிபெருக்கியில் ஒலித்தது. ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர். சுனாமி காலநிலை மாற்றத்தால் வருவதல்ல. ஆனாலும் செய்தி நடந்த பாதை ஒன்றே: தொலைவில் அறிந்தவர், ஊரில் அதை ஏற்றவர், எல்லாருக்கும் கேட்ட குரல்.

நமது ஊர்களில் அந்தக் குரல் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோவிலிலும் ஒலிபெருக்கி உண்டு. வட்ஸ்அப் குழுமத்தைப் பார்க்காத வயதானவருக்கும், தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வள்ளம் தள்ளப் போனவருக்கும் அது கேட்கும்.

ஆகவே அடுத்த சோளகத்துக்கு முன் ஒவ்வொரு நிர்வாக சபையும் கடற்றொழிலாளர் சங்கத்தோடு அமர்ந்து மூன்று விடயங்களை முடிவு செய்யலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை நாள்தோறும் பார்ப்பவர் யார், அவர் இல்லாத நாளில் பொறுப்பேற்பவர் யார்? வெளிக்கடல், களப்பு, உப்பளம் என்று பிரித்து, நம்மவர் பேசும் தமிழில் எப்படிச் சொல்வது? மின்சாரம் போனால் ஒலிபெருக்கிக்கு மின்கலம் உண்டா? புயல் நாளில் முதலில் போவது மின்சாரந்தான். இந்த மூன்றாவது கேள்வியை ஒத்திவைக்க வேண்டாம்.