மருத்துவமனைப் படுக்கையில் மறதிநோய்ச் சோதனை

முதியவர்கள் பலருக்கு மறதிநோய் இருப்பது, வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போதுதான் முதன்முதலில் தெரியவருகிறது. பழகிய வீடும் மாறாத அன்றாட ஒழுங்கும் மறைத்து வைத்திருந்த குறை, புதிய இடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

இதைத் தேடிக் கண்டறிய, இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2012-இல் ஓர் ஊக்கத்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அவசரமாகச் சேர்க்கப்பட்ட, 75 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடமோ அவர்களைப் பராமரிப்பவரிடமோ 72 மணி நேரத்துக்குள் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டியிருந்தது: கடந்த 12 மாதங்களில் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு மறதி கூடியிருக்கிறதா? ‘ஆம்’ என்றால் அடுத்த கட்டச் சோதனை நடந்தது.

இத்தகைய சோதனைக்குப் பரவலாகப் பயன்படுவது, மருத்துவர் ஹாட்கின்சன் 1972-இல் வெளியிட்ட பத்துக் கேள்விச் சோதனை. வயது, நேரம், ஆண்டு, மருத்துவமனையின் பெயர் ஆகியவை கேட்கப்படும். ‘42, வெஸ்ட் ஸ்ட்ரீட்’ என்ற முகவரியைச் சொல்லிவைத்து, கடைசியில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். 20 முதல் 1 வரை பின்னோக்கி எண்ண வேண்டும். எட்டுக்குக் குறைவான மதிப்பெண் ஐயத்துக்கு இடம் தரும். அது மட்டுமே மறதிநோய் என்ற முடிவுக்குப் போதாது.

காரணம், டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். நோய்த்தொற்று, அறுவை சிகிச்சை, நீர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள் ஆகியவை இதைத் தூண்டலாம். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. டெலிரியமோ சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ வந்து, ஒரே நாளில் கூடிக் குறைகிறது. இதைக் கண்டறிய ‘4ஏடி’ சோதனை உதவுகிறது. நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா, டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல முடிகிறதா, அவரது நிலையில் திடீர் மாற்றம் உண்டா என்று அது பார்க்கிறது. மறதிநோய் உள்ளவருக்கு டெலிரியம் எளிதில் வரும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

காது கேளாமை, கண்ணாடி இல்லாமை, மனச்சோர்வு, குறைந்த பள்ளிப்படிப்பு ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்தப் பத்தில் ஒன்றான, முதலாம் உலகப் போர் எந்த ஆண்டில் நடந்தது என்ற கேள்வி, பள்ளிக்கே போகாதவரின் நினைவாற்றலை அளக்காது. ஆகவே குடும்பத்தாரின் சாட்சியம் முக்கியம். பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிட்டு அவர்கள் நிரப்பும் வினாத்தாளும் உண்டு.

உடல் தேறிய பின் சோதனையை மீண்டும் செய்து பார்ப்பார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை காட்டும். அதன் பிறகும் குறை நீடித்தால், நோயாளி நினைவாற்றல் சிகிச்சையகத்துக்குப் பரிந்துரைக்கப்படுவார்; நோய் உறுதியாவது பெரும்பாலும் அங்கேதான்.