செல்லின் சாவும் நம் உருவகங்களும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குத் தாவர உயிரியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. 'சமூக உடல்' என்று நாம் கூசாமல் எழுதுகிறோம். 'உடல் பிழைக்க ஓர் உறுப்பை வெட்டித்தான் ஆகணும்' என்று கூட்டங்களில் பேசுகிறோம். அப்படிப் பேசும்போதெல்லாம் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

நம் ரத்தத்தில் இருப்பதுபோலச் சுற்றித் திரியும் வெள்ளணுக்கள் செடிக்குக் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் இருக்கின்றன. பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படும் கசையிழையின் புரதத்தில், 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு போதும். ஓர் ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும். சில நிமிஷங்களில் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. தற்காப்புக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியே தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தி, இந்தத் தற்காப்பை முடக்கப் பார்க்கிறது. இங்கேதான் என் கவனம் நின்றது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ரின்4 என்றொரு புரதம். உள்ளே நுழைந்த ஒரு பாக்டீரியப் புரதம் அதை வெட்டிப்போடுகிறது. ரின்4ஐக் காவல் காக்கும் ஆர்.பி.எஸ்.2 என்ற புரதம் விழித்துக்கொள்வது வந்தவனைப் பார்த்து அல்ல. ரின்4 காணாமல்போனதை வைத்து. அதாவது, 'அந்நியன்' யார் என்பதல்ல, தனக்குள் என்ன சேதம் நேர்ந்தது என்பதே இங்கே கேள்வி. (எல்லாக் காவல் புரதங்களும் இப்படியல்ல; சில, வந்த புரதத்தை நேரடியாகவே பற்றிக்கொள்கின்றன.)

விழித்தபின் நடப்பது பெரும்பாலும் சாவு. தொற்றுப் பட்ட செல்லும் அக்கம்பக்கத்துச் சில செல்களும் மடிகின்றன. இலையில் ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். உயிருள்ள செல்லை அண்டிப் பிழைக்கும் கிருமி அங்கேயே முடங்கிப்போகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ராஸ் 1961இல் ஒன்றைக் காட்டினார். எதிர்ப்புள்ள ஒரு புகையிலை வகையின் கீழ் இலைகளில் மொசைக் வைரசைத் தடவி, சில நாட்கள் கழித்து மேல் இலைகளிலும் தடவியபோது, அங்கே புள்ளிகள் குறைந்தும் சிறுத்தும் இருந்தன. செடி முழுதும் பரவும் இந்த எதிர்ப்பில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பங்குண்டு என்பது 1990இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

இதைத் 'தியாகம்' என்று எழுதிவிட நம் கை துறுதுறுக்கிறது. ஆனால் திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழுகவைக்கும் பொட்ரைடிஸ் என்ற பூஞ்சை இருக்கிறதே, அது செல்லைக் கொன்று தின்று வளர்வது. அதற்கு இந்தச் சாவு விருந்து. ஒரு எதிரியைத் தடுத்த அதே சாவு இன்னொரு எதிரிக்குச் சோறு போடுகிறது.

தவிரவும், ஓர் இலையின் செல்கள் எல்லாம் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை. அவற்றின் மரபு ஒன்றே. மனிதர்கள் அப்படியா? செல் சாகத் தீர்மானிக்கவில்லை. மறுக்கவும் அதற்கு வழியில்லை. மறுக்க வழியில்லாததைத் தியாகம் என்று எப்படிச் சொல்வது?

இனி யாராவது 'உறுப்பை வெட்டணும்' என்று பேசினால், எந்த உறுப்பு, கத்தி யார் கையில் என்று கேட்போம். பதிலை அவர்களே சொல்லட்டும். செடியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.